கருவளர்ப்பு ஊடகம்

உடலுக்கு வெளியே கருவுற்ற மனித முட்டையைக் கருப்பைக்குள் வைக்கும் வரை ஐந்தாறு நாள் வளர்க்கும் ஊட்டக் கரைசல் கருவளர்ப்பு ஊடகம். ஆய்வகங்களில் 'மீடியா' என்பார்கள். உப்புகள், பைருவேட், லாக்டேட், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், அல்புமின் ஆகியவை இதில் அடங்கும்.

கருவின் தேவை நாளுக்கு நாள் மாறும். முதல் இரண்டு மூன்று நாள்கள் அது முட்டையில் ஏற்கெனவே இருந்த சேமிப்பைக் கொண்டே இயங்குகிறது; பைருவேட்தான் முதன்மை எரிபொருள், குளுக்கோஸைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். நான்கிலிருந்து எட்டு உயிரணுக்களாகும் கட்டத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதன்பின் குளுக்கோஸ் செலவு ஏறி, ஐந்தாம் நாள் கருவான பிளாஸ்டோசிஸ்ட்டில் மிகுந்திருக்கும். தாயின் உடலும் இதற்கு ஒத்தே அமைந்திருக்கிறது. டேவிட் கார்ட்னர் குழு 1996இல் வெளியிட்ட அளவீட்டின்படி, முட்டை வெளிப்படும் நாள்களில் கருக்குழாய்த் திரவத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 0.5 மில்லிமோல், கருப்பைத் திரவத்தில் 3.15. பைருவேட்டோ 0.32இலிருந்து 0.10ஆகக் குறைகிறது.

1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்திரா ஹிந்துஜா குழுவின் முயற்சியில் சோதனைக் குழாய்க் குழந்தை ஹர்ஷா பிறந்த காலத்தில், எளிய உப்புக் கரைசலில் தாயின் ரத்தச் சீரம் கலப்பது உலகில் பரவலான வழக்கம். கருக்குழாய்த் திரவத்தைப் போலச் செய்த 'எச்டிஎஃப்' கரைசலை பேட்ரிக் க்வின் குழு வெளியிட்டதே 1985இல்தான். அமினோ அமிலம் சேர்ப்பதும், மூன்றாம் நாளில் கரைசலை மாற்றும் இருகட்ட முறையும் 1990களில் பரவின. ஒரே கரைசலை இறுதிவரை வைக்கும் முறையும் கூடவே வளர்ந்தது. எது மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஊட்டம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. குளூட்டமின் 37 டிகிரி வெப்பத்தில் சிதைந்து, கருவுக்கு ஊறான அம்மோனியத்தை வெளிவிடும். அதனால்தான் நிலையான அலனைல்-குளூட்டமின் வந்தது. அமைதியாக, குறைவாகச் செலவழிக்கும் கருவே நன்றாகப் பிழைக்கும் என்பது ஹென்றி லீஸ் 2002இல் முன்வைத்த கருத்து.

நெதர்லாந்தில் 836 தம்பதியரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதைவிட யோசிக்க வைப்பது. அமினோ அமிலம் உள்ள 'ஜி5' ஊடகத்தில் பயன்படுத்தத்தக்க கருக்களும் கருத்தரிப்பும் கூடின. ஆனால் அதில் வளர்ந்த குழந்தைகளின் பிறப்பு எடை, எச்டிஎஃப் குழந்தைகளைவிடச் சராசரி 158 கிராம் குறைவு. உயிருள்ள பிறப்பு விகிதத்தில் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

இன்று கருத்தரிப்பு மையங்களுக்குப் பெரும்பாலும் ஊடகம் ஆயத்தக் கரைசலாகக் குளிர்பதனத்தில் வந்து சேரும். பல தயாரிப்பாளர்கள் கூறுகளின் பெயரை மட்டும் அச்சிட்டு, அளவை வெளியிடுவதில்லை. 158 கிராம் வேறுபாட்டுக்கு எந்தக் கூறு காரணம் என்று தேடுவோருக்கு முதல் தடை அதுதான்.