வாரக்குடியின் அடுப்பும் விருந்தாளியின் கோப்பையும்

இத்தாலியின் டஸ்கனி மலைச்சரிவுகளில் பண்ணை வீடு எடுத்துத் தங்குபவருக்கு இன்று ஏறக்குறைய ஒரே மாதிரியான நாள்தான் காத்திருக்கிறது. காலையில் மாவு பிசைந்து பாஸ்தா தேய்க்கக் கற்கிறார். மாலையில் நிலவறைக்குள் இறங்கி, ஓக் பீப்பாய்களுக்கு நடுவே ஒயின் சுவைக்கிறார். இரவில் மண்சட்டியில் ரிபொல்லீத்தா வருகிறது. கரும்பச்சைக் கீரைக்கோஸ், வெள்ளை பீன்ஸ், காய்ந்த ரொட்டி எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் திரும்பக் கொதிக்கவைக்கும் சூப் அது. பெயரின் பொருளே 'மறுபடி கொதித்தது' என்பதுதான். நூற்றாண்டுகளாக மாறாத பாட்டி கைப்பக்குவம் என்று விளம்பரம் சொல்லும். பக்குவம் பழையதுதான், ஆனால் அது காசு கொடுத்து உண்ணும் விருந்தானது நேற்றைய சமாச்சாரம்.

இந்தச் சமையல் பிறந்த இடம் 'மெட்ஸத்ரியா' என்னும் சாகுபடி முறை. 'பாதி' என்ற வேரிலிருந்து வந்த பெயர். நம் பக்கத்தில் வாரம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுவே. நிலமும் வீடும் உடைமையாளருடையவை, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 13ஆம் நூற்றாண்டு முதலே பரவிய இம்முறை, ஃப்ளாரன்ஸ் அரசு 1427இல் எடுத்த 'கதாஸ்தோ' வரிக்கணக்கில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பல பண்ணைகளின் கணக்கை 'ஃபத்தோரே' என்ற காரியஸ்தர் பார்த்தார். வீட்டுக்குள் அடுப்பையும் கோழிகளையும் ஆண்டவள் 'மஸ்ஸாயா', குடும்பத்தின் மூத்த பெண். கோழியை அவள் வளர்த்தாளே தவிர முழுக்கச் சொந்தம் கொண்டாட முடியாது. பண்டிகைக்கு இத்தனை கோழி, இத்தனை முட்டை முதலாளி வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்தார்கள்.

பாதி போக எஞ்சியதில்தான் சமையல். ரொட்டியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சுட்டார்கள். உப்பில்லாத அந்த ரொட்டி நாலைந்து நாளில் கல்லாகிவிடும். எறிவதற்கு மனமும் வசதியும் கிடையாது. கோடையில் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், எண்ணெய் கலந்தால் பன்ட்சனெல்லா. தக்காளியோடு குழையக் காய்ச்சினால் பப்பா அல் பொமொதோரோ. குளிர்காலத்தில் கோஸும் பீன்ஸும் சேர்ந்தால் ரிபொல்லீத்தா. இன்று உணவகப் பட்டியலின் தலையில் நிற்கும் இந்த மூன்றும் பழைய ரொட்டியைத் தீர்க்கக் கண்ட வழிகள். ஒயினும் அப்படித்தான். நல்லது பங்குக்கும் சந்தைக்கும் போனது. பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த 'அக்வரெல்லோ' என்ற மெல்லிய பானம் அந்தக் குடும்பங்களின் அன்றாடக் கோப்பையில் இருந்தது.

ஒயினின் வரலாறோ கோட்டைகளில் எழுதப்பட்டது. 1716இல் டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ ஓர் ஆணையால் கியாந்தி உள்ளிட்ட நான்கு ஒயின் பகுதிகளின் எல்லையை வரையறுத்தார். ப்ரோலியோ கோட்டையின் பிரபு பெத்தினோ ரிக்காஸொலி 1872இல் பீசா பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கியாந்தி ஒயினின் திராட்சைக் கலவையை விளக்கினார். மணத்துக்கும் வலுவுக்கும் சாஞ்சொவேசே, மென்மைக்குக் கனயோலோ, உடனே குடிக்கும் ஒயினுக்கு மட்டும் வெள்ளை மால்வசியா. இவர் ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமராகவும் இருந்தவர். அவருடைய திராட்சையை விளைவித்தவர்களும் வாரக்குடிகளே.

இந்த இரண்டு உலகங்களும் ஒரு புத்தகத்தில் முதன்முறையாகச் சந்தித்தன என்று சொல்லலாம். பெல்லெக்ரீனோ ஆர்டுசி சமையல்காரர் அல்லர். ரொமாஞ்ஞா பகுதியில் பிறந்து ஃப்ளாரன்ஸில் குடியேறிய வணிகர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் சாப்பாட்டில் இறங்கினார். 'சமையலறையில் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்' என்ற அவர் நூலை வெளியிட யாரும் முன்வராததால் 1891இல் சொந்தக் காசில் 1,000 படிகள் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். 1911இல் அவர் இறப்பதற்குள் அவை 790 ஆகிவிட்டன. நாடெங்கிலும் இருந்து வாசகிகள் கடிதத்தில் அனுப்பிய குறிப்புகளை அவருடைய வீட்டில் சமையல் செய்த மரியெத்தாவும் ஃபிரான்செஸ்கோவும் சமைத்துச் சோதித்தார்கள். நூலின் உரிமையை அவர்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். இத்தாலியை ஒன்றாக்கியதில் மன்சோனியின் புகழ்பெற்ற நாவலைவிட இந்தச் சமையல் நூலுக்குப் பங்கு அதிகம் என்று 1970 பதிப்பைத் தொகுத்த பியெரோ கம்பொரேசி வாதிட்டார். மிகைதான், ஆனால் ரசிக்கத்தக்க மிகை.

அந்த நூலில் 'உழவர் முறையில் டஸ்கனி சூப்' என்றொரு குறிப்பு உண்டு. ரிபொல்லீத்தாவின் நெருங்கிய உறவு. கவனமாகச் செய்தால் கனவான்களும் விரும்புவார்கள் என்று ஆர்டுசி அதற்குச் சிபாரிசு செய்கிறார். வாரக்குடியின் சட்டி நகரத்து மேசைக்கு ஏற இந்தச் சிபாரிசுதான் முதல் படி. ஆனால் சூப் ஏறியதே ஒழிய, அதைச் சமைத்தவள் ஏறவில்லை. அவள் நிலைமை மாற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களில் பங்குத் தகராறு வெடித்தது. 1947 உடன்பாட்டில் குடிவாரம் 53 விழுக்காடானது. 1964ஆம் ஆண்டின் 756ஆம் எண் சட்டம் அதை 58 ஆக்கியதோடு, புதிய வார ஒப்பந்தங்களையே தடை செய்தது. அதற்குள் குடும்பங்கள் ஆலை வேலைக்கு நகரம் போய்க்கொண்டிருந்தன. கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. நிலத்தின் முகமும் மாறியது. எமிலியோ செரேனி 1961இல் வெளியிட்ட இத்தாலிய வேளாண் நிலத்தோற்ற வரலாறு விவரிக்கும் பழைய டஸ்கனியில் கொடிகள் மரங்களில் படர்ந்தன, இடையிடையே கோதுமை விளைந்தது. ஒரே துண்டில் எல்லாம் விளைந்தால்தான் குடும்பம் பிழைக்கும். ஆள் இல்லாமல் போனதும் டிராக்டர் ஓட வசதியாக நேர்வரிசைத் தோட்டங்கள் நடப்பட்டன. ஆக, பயணி 'பழங்காலக் காட்சி' என்று படமெடுக்கும் அந்தச் சீரான வரிசைகளில் பெரும்பாலானவை 1960களுக்குப் பிந்தியவை.

பண்ணைச் சுற்றுலாவுக்கான 'அக்ரிதுரிஸ்த்' சங்கம் நில உடைமையாளர் அமைப்பின் நிழலில் உருவானது 1965இல், வாரத்தடைச் சட்டம் வந்த மறு ஆண்டில். அதே 1965இல் ரீத்தா பவோனே என்ற இளம் பாடகி பப்பா அல் பொமொதோரோவைப் புகழ்ந்து பாடிய தொலைக்காட்சித் தொடர் பாட்டு நாடு முழுக்க ஒலித்தது. மிச்ச ரொட்டிக் கூழ் ஏக்கத்துக்குரிய பண்டமாகிக்கொண்டிருந்தது.

1985ஆம் ஆண்டின் 730ஆம் எண் சட்டம் 'அக்ரிதுரிஸ்மோ'வுக்கு இலக்கணம் வகுத்தது: விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும், விருந்தாளிக்குப் பரிமாறுவது பெரும்பாலும் சொந்த விளைபொருளாக இருக்கவேண்டும். விளைந்ததைக் கொண்டு சமைப்பது மஸ்ஸாயாவுக்கு வேறு வழியில்லாத நிலை. இப்போது அதுவே உரிமம் பெற நிபந்தனை. ஏறக்குறைய அதே காலத்தில் கயோலெ அருகே பழைய மடாலயமான பதியா ஆ கொல்திபுவோனோவில் லொரென்சா தெ மெதிச்சி சமையல் வகுப்பு தொடங்கினார். 1993இல் நிலவறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் 'கந்தீனெ அபெர்த்தெ' நாள் அறிமுகமாயிற்று. 1999இல் ஒயின் சாலைகளுக்கென்றே சட்டம் வந்தது. கொர்தோனாவில் பழைய வீடு வாங்கிப் புதுப்பித்த அமெரிக்கக் கவிஞர் ஃபிரான்சஸ் மேயஸின் 1996ஆம் ஆண்டு நூலும், 2003இல் வந்த அதன் திரைப்படமும் மிச்ச விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டன. இன்று இத்தாலியில் 25,000க்கும் மேற்பட்ட பண்ணை விடுதிகள். அவற்றில் 5,000க்கு மேல் டஸ்கனியில்.

வாரக்குடியின் ரொட்டி, சூப், வீடு, அடுப்பு என எல்லாமே விருந்தாளிக்குக் கிடைக்கின்றன, அக்வரெல்லோ ஒன்றைத் தவிர. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சக்கையில் நீரூற்றி எடுக்கும் பானத்தை வடிசாலைக்கு அனுப்பலாம், அல்லது ஒயின் தயாரிப்பவர் வீட்டார் குடிக்கலாம். விருந்தாளியின் கோப்பைக்கு விற்கக்கூடாது.