பீடத்தில் ஒரு மிடறு

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டிக்கும், வட இத்தாலியின் மாந்துவா நகரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மாந்துவாவுக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தமிழகத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பணிசெய்த இடம் இந்தக் கரிசல் கிராமம். நமக்கு அவர் வீரமாமுனிவர். அவர் எழுதியதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எதைக் குடிக்காமல் விட்டார் என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

மாந்துவா, லம்புருஸ்கோ என்ற சிவப்பு ஒயின் விளையும் சீமை. அதில் இன்று கிடைக்கும் இனிப்பு வகையைக் குளிரவைத்து ஊற்றினால் ஊதா நுரை எழும்பும். நாக்கில் முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் லேசான துவர்ப்பு. நம்ம நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்களேன். புளிப்பும் நுரையும் நாக்கில் படிந்த கொழுப்பை வழித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் பன்றி இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் இதைக் குடிக்கிறார்கள். சூடான இறைச்சிச் சாற்றிலேயே ஒயினை ஊற்றிக் குடிப்பதும் மாந்துவாவில் உண்டு.

இந்த இனிப்பு எப்படி மிஞ்சுகிறது? சர்க்கரை முழுதும் சாராயமாக மாறுமுன் குளிரூட்டி நொதிப்பை நிறுத்துகிறார்கள். பனையேறிகளுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்.

இத்தாலிய ஒயின் தமிழ் மண்ணுக்கு வந்தது பெஸ்கிக்கு ரொம்ப முன்னாடி. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பெருமையாகவே பேசுகிறது.

ஆனால் 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது நிலைமை தலைகீழ். கடற்கரையில் போர்ச்சுகீசியர்களைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, மாட்டுக்கறி தின்று மது குடிக்கிறவன் பரங்கி. அவன் சொல்லும் வேதமும் பரங்கி வேதம். அரசவையில் மதிப்பாக இருந்த பானம் இப்போது இழிவின் அடையாளம். நொபிலியின் குடும்பமோ, ஒயினுக்குப் பேர்போன மோந்தேபுல்சியானோவைச் சேர்ந்தது. அவர் இறைச்சியையும் மதுவையும் விட்டு, காவி உடுத்தினார். மதுரை மிஷனின் வழக்கமாக நிலைத்த அந்த வாழ்வுக்குள்தான் நூறு வருஷம் கழித்து பெஸ்கியும் வந்து சேர்ந்தார்.

ஆனாலும் முழுசாக விட முடியாது. பூசைக்குக் கலப்படமில்லாத திராட்சை மது வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குரு அதைக் குடித்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பொதுமக்களுக்கு அப்பம் மட்டும்தான், கிண்ணம் குருவுக்கு மட்டும். ஆக, ஊரே மண்டியிட்டிருக்க, அந்த ருசி தெரிந்த நாக்கு பீடத்தில் நிற்கிறவருடையது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அது வெறும் சொல். அந்தச் சொல்லையும் தமிழ்க் கிறிஸ்தவம் ‘திராட்சை ரசம்’ என்று பதமாக வைத்துக்கொண்டது. ‘மது’ என்றால் வந்து ஒட்டும் வசை, ‘ரசம்’ என்றால் ஒட்டாது.

இன்றைக்கு யாராவது இனிப்பு லம்புருஸ்கோ போத்தலோடு கோவில்பட்டியில் இறங்கினால், பக்கத்திலேயே கடலை மிட்டாய் இருக்கிறதே என்று கை நீளும். வேண்டாம். பண்டம் ஒயினைவிட இனித்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். சாத்தூர் காராச்சேவு சரியான ஜோடி. காரத்தை இனிப்பு தணிக்கும், எண்ணெயைப் புளிப்பு அறுக்கும்.

பெஸ்கிக்கு அந்தச் சேர்க்கை எல்லாம் கிடையாது. பூசை வைக்கும் குரு நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. கம்பும் சோளமும் தின்கிற கரிசல் ஊரில், வெறும் வயிற்றில், ஒரு துண்டு கோதுமை அப்பம், இரண்டு சொட்டுத் தண்ணீர் கலந்த ஒரு மிடறு. பிறந்த ஊரின் ருசியில் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.