பின்வாசல்

என் பழைய மடிக்கணினியில் ஒருநாள் திரை வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான் செத்துப்போனது. "லினக்ஸ்ல பிரைட்னஸ்னு ஒரு கோப்பு இருக்கும், அதுல ஒரு எண்ணை எழுதிப் பாரு" என்றான் அறைத்தோழன். எழுதினேன். திரை பளிச்சென்று ஆனது. கோப்பில் எழுதினால் விளக்கு எரியுமா? இந்த விசித்திரத்துக்குப் பின்னால் ஐம்பது வருஷக் கதை இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஆரம்பித்தார்கள். சாதனமும் ஒரு கோப்புதான் என்றார்கள். திற, வாசி, எழுது, மூடு. அவ்வளவுதான். 'டெவ்' அடைவில் டேப்புக்கு ஒரு பெயர், பிரிண்டருக்கு ஒரு பெயர். கோப்பை நகலெடுக்கும் நிரலே டேப்பிலும் எழுதும். ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

ஆனால் சாதனங்கள் அவ்வளவு சமர்த்தா என்ன? டெர்மினலுக்கு எழுத்துகளை அனுப்பலாம், சரி. எந்த வேகத்தில்? தட்டுவது திரையில் தெரியணுமா? பாஸ்வேர்ட் கேட்கும்போது தெரியக் கூடாதே! இதையெல்லாம் சொல்லத் தனி அழைப்புகள் முளைத்தன. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு, எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக ஒரு பின்வாசலைத் திறந்தது. பெயர் ஐஆக்டில். ஒரு எண்ணையும் கூடவே ஒரு முகவரியையும் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது டிரைவருக்குத்தான் வெளிச்சம்.

போகப்போக எல்லாரும் பின்வாசல் வழியாகவே வரத் தொடங்கினார்கள். டேப்பைச் சுற்ற ஒரு எண், சிடி தட்டை வெளியே தள்ள ஒரு எண்.

பெல் ஆய்வகத்துக்காரர்களே 1980களின் பிற்பகுதியில் பிளான் 9இல் இதைத் திருத்தப் பார்த்தார்கள். அங்கே ஐஆக்டில் கிடையாது. சாதனக் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு. சீரியல் போர்ட்டின் வேகம் 1200 ஆகணுமா? அதில் 'பி1200' என்று எழுதினால் போதும். கண்ணால் வாசிக்கலாம், நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியிலிருந்தும் எழுதலாம்.

பிளான் 9 பரவவில்லை. ஆனால் 2003இல் லினக்ஸ் 2.6 கொண்டுவந்த சிஸ்எஃப்எஸ்ஸும் அதே மாதிரி, சாதனத்தின் குணங்களை எழுத்துக் கோப்புகளாக வைத்தது. நான் எண் எழுதியது அங்கேதான்.

ஐஆக்டில் மட்டும் போகவில்லை. கேமராவும் கிராஃபிக்ஸ் கார்டும் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு எண்ணை வெளியே கொடுத்துவிட்டால், அதை நம்பி யாரோ ஒரு நிரல் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடிவதில்லை.