இரண்டு சொட்டுப் பெற்றோல்

கலியாண வீடுகளில் இப்போது ஏ-40 கார்களுக்கு நல்ல மவுசு. பூமாலை கட்டி, பொம்பிளை மாப்பிளையை ஏற்றி, படம் எடுத்துப் போடுகிறோம். அதே கார்கள் 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடினவை என்பதும் எங்களுக்குத் தெரியும். வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் எப்படி ஓடினது என்று கேட்டால் முழிக்கிறோம். "எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கார். ஒஸ்ரின் ஏ-40 டெவன் இங்கிலாந்தில் 1947இல் வந்தது. 1952இல் அதன் இடத்துக்கு சோமசெற் வந்தது. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. இருக்கிறதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்தன. ஆனாலும் யாழ்ப்பாணத்து வாடகைக் கார் என்றால் நெடுங்காலம் இந்தக் கிழட்டு இங்கிலீஸ் கார்கள்தான்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டான அளவில், பல மடங்கு விலையில் கிடைத்தது.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டுவது யாழ்ப்பாணத்தில் பிறந்த யோசனை அல்ல. 1940களிலும் 50களிலும் இங்கிலாந்து வயல்களில் பெர்கசன், போர்ட்சன் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடின. அவற்றில் இரண்டு தாங்கி இருக்கும். பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மற்றதுக்கு மாற்றுவார்கள். காரணம் எளிது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். காபரேற்றர் என்ன செய்தாலும், ஆவியாகாத எண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது.

புது ஜப்பான் கார்களை விட இந்தப் பழைய கார்களுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவந்ததற்கும் காரணம் உண்டு. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஏ-40க்கு ஏறக்குறைய 7க்கு 1. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடித்து "டக் டக்" என்று தட்டும். அதோடு, இந்த எஞ்சின்களில் எரிபொருள் உள்ளே போகிற குழாயும் புகை வெளியே போகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கும். புகைக் குழாயின் சூடு எண்ணெயை ஆவியாக்க உதவும். நவீனமானது நின்றுபோக, பழையது ஓடியது இப்படித்தான்.

இனி, கார் பற்றவில்லை என்றால் என்ன பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த ஊர் மெக்கானிக்கும் இரண்டு கேள்விதான் கேட்பார்: கரண்ட் வருதா? எண்ணெய் வருதா? பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடம்பில் முட்ட வைத்துச் சுழற்றினால் பொறி நீலமாகப் பாய வேண்டும். மங்கலாக மஞ்சளாக இருந்தால் பொயின்ற், கொண்டென்சர் பக்கம் பார்க்கலாம். பிளக் நனைந்திருந்தால் எண்ணெய் கூடிப்போச்சு; காய்ந்திருந்தால் வரவே இல்லை. கடைசியாக ஒரு சோதனை: காபரேற்றர் வாயில் இரண்டு சொட்டுப் பெற்றோல். பற்றி உடனே நின்றால், கரண்ட் சரி, பிழை எண்ணெய் வரும் வழியில். ஜெற் அடைத்திருக்கலாம், புளோட் ஒட்டியிருக்கலாம், பம்ப் செத்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கடைசிச் சோதனைதான் குழம்பிப்போனது. மற்ற ஊரில் பிழை பார்க்கிற அந்த இரண்டு சொட்டு, இங்கே நாளாந்த ஸ்ராட். அந்தக் காலத்தில் கராஜில் நின்ற ஒரு ஐயாவிடம் இதைக் கேட்டோம். சிரித்தார். "தம்பியவை, பத்தி நிண்டா ஜெற் அடைப்பெண்டு சொல்லேலாது. சூடு காணாமலும் நிக்கும். அப்ப கையை வைச்சுப் பாக்கோணும், மணந்து பாக்கோணும், புகையின்ர நிறத்தைப் பாக்கோணும்." வெள்ளைப் புகையென்றால் எண்ணெய் எரியாமல் போகிறது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ஒயில் கம்பியை இழுத்து அளவை மட்டுமல்ல, மணத்தையும் பார்த்தார்கள். நல்ல பற்றரி இல்லாதவர் முன்னால் கம்பியைப் போட்டுக் கையால் சுழற்றினார். இடையில் நிற்பாட்டி எஞ்சின் ஆறினால் மறுபடி பெற்றோல் வேண்டும். அதனால் காரியம் முடியும்வரை எஞ்சினை நிற்பாட்டாமல் விடுவதும் ஒரு கணக்கு.

எங்களுக்கு இது வெறும் மெக்கானிக் கதை இல்லை. தடைப்பட்டியலைக் கடதாசியில் வாசிக்கலாம்; அது அந்தக் காபரேற்றருக்குள்ளும் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு புதுப் பழக்கத்துக்கும் பின்னால் வராமல் போன ஒரு சாமான் இருந்தது. இதைக் கெட்டித்தனம் என்று மட்டும் கொண்டாடும்போது, யார் அப்படிக் கெட்டிக்காரராக இருக்க வேண்டி வந்தது, ஏன் என்ற கேள்வி காணாமல் போகிறது. காருக்கு ஊற்றிய அதே மண்ணெண்ணெய்தான் ஜாம் போத்தல் விளக்குக்கும் வேண்டும்; அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். இரவில் பிரசவ வலி வந்த வீட்டுக்கு, பற்றாத காபரேற்றர் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. அந்த வீட்டில் எல்லாருக்கும் ஏ-40 கூப்பிடக் காசும் இருக்கவில்லை. மிச்சப்பேரைச் சைக்கிள்தான் சுமந்தது.

2022இல் நாங்களும் பெற்றோல் வரிசையில் நின்றோம். அப்போது வீட்டுப் பெரியாக்கள் பதறாமல் இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம். அவர்கள் பழகியிருந்தார்கள். பழகியிருந்தது நல்ல விசயமா என்று நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

எங்கட நூலகங்களில் அந்த ஐந்து வருசத்து அரசியலுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. மணந்து பார்த்துப் பிழை பிடித்த கைகள் அவற்றில் குறைவு. அந்த ஆக்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அடுத்த கலியாண வீட்டில் ஏ-40 வந்தால் படம் எடுங்கள், பிழையில்லை. எடுத்த பிறகு ஓட்டிவந்தவரிடமோ, அதைத் திருத்துகிறவரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்ப எப்பிடி ஸ்ராட் பண்ணினீங்கள்?" போனில் ரெக்கோட்டரையும் போட்டுவிடுங்கள்.