செந்நிறக் கித்தாரும் எதிரொலிப் பெட்டியும்

கித்தார் நெடுங்காலம் அரங்கின் பின்வரிசையில் இருந்த கருவி. பாடுவோனுக்குத் துணை நிற்பதே அதன் தொழில். எக்காளமும் முரசும் முழங்கும் பெரிய வாத்தியக் குழுவிலே அதன் மெல்லிய குரல் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. உருக்குத் தந்தியின் அடியிலே காந்தம் ஒன்றை வைத்து, அதனைச் சுற்றி நுண்ணிய செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினால், தந்தியின் அதிர்வு அச்சுருளிலே மின்னோட்டமாகும். அதனைப் பெருக்கினால் கித்தாரின் குரலும் பெருகும். 1930களில் அமெரிக்கர் இவ்வுண்மையை வணிகப் பொருளாக்கினர். 1954 இல், வானொலி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டர் என்பார் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்னும் மின்கித்தாரைக் கலிபோர்னியாவிலே வெளியிட்டார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியதன்றோ?

இங்கிலாந்து இளைஞருக்கு அது எட்டாக் கனியாயிருந்தது. போரின் பின் நேர்ந்த டாலர்த் தட்டுப்பாட்டினால், 1951 தொடக்கம் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது. 1958 இல் நியூகாசில் நகரிலிருந்து ஹாங்க் மார்வின், புரூஸ் வெல்ச் என்னும் பதினாறு வயது நண்பர் இருவர் பிழைப்புத் தேடி இலண்டன் வந்தனர். மார்வின் கையிலிருந்தது கழுத்து வளைந்த ஒரு மலிவான கித்தார். அவ்வாண்டிலேயே இருவரும் பாடகர் கிளிவ் றிச்சர்டின் குழுவிற் சேர்ந்தனர்.

மார்வின் தமது கருவியைத் தேர்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்கப் பாடகர் றிக்கி நெல்சனின் இசைத்தட்டுக்களிலே ஜேம்ஸ் பேர்ட்டன் வாசித்த கித்தார் இவர்களை மயக்கியிருந்தது. அது ஃபெண்டர் கித்தார் என்பதை அறிந்தனர்; எவ்வகை என்பதை அறிந்திலர். விலைப்பட்டியலை வருவித்துப் பார்த்தனர். இத்துணைத் திறமையாளர் விலையுயர்ந்ததையே வாசிப்பார் என எண்ணி, ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் குறித்தனர். 1959 இல் றிச்சர்டு பணங்கொடுத்து வருவித்தார். பெட்டியைத் திறந்தபோது செந்நிற உடலும் பொன்முலாம் பூசிய உறுப்புக்களும் ஒளிர்ந்தன. பேர்ட்டன் வாசித்ததோ 'டெலிகாஸ்டர்' என்னும் எளிய வகை! அவ்வெளிய வகையிலே இல்லாத ஒரு நெம்புகோல் இதிலே இருந்தது. அதனை மெல்ல அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுரம் நெகிழும். பாடகனின் குரல் அசைவது போன்ற அந்நெகிழ்ச்சியே மார்வினின் அடையாளமாயிற்று. பிழையான ஊகம் ஒன்று இவ்வளவு நற்பயன் தந்தது அரிது.

கருவி மட்டும் போதுமானதாயில்லை. ஜோ பிரவுன் என்னும் கித்தார்க் கலைஞர் தமக்கு ஒவ்வாதெனக் கருதிய இத்தாலிய எதிரொலிப் பெட்டியொன்று மார்வினிடம் வந்தது. அதற்குள்ளே சுழலும் காந்தப் பரப்பிலே ஒலி பதிவாகிச் சிறிது நேரங்கழித்துப் பல முனைகளிலே மீண்டும் ஒலிக்கும். ஒருவர் எறிந்த பொருள் மற்றொருவருக்கு மாணிக்கமாயிற்று. ஒலிபெருக்கிப் பெட்டியோ உள்நாட்டிலே, கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டிலே, டொம் ஜெனிங்ஸின் நிறுவனத்திற் பிறந்தது. டிக் டெனி வகுத்த 15 வாட்டு 'வொக்ஸ்' அது.

இம்மூன்றும் 1960 இல் 'அப்பாச்சி' என்னும் மெட்டின் பதிவிலே ஒன்றுகூடின. இயற்றியவர் ஜெரி லோர்டன். பேர்ட் வீடன் என்னும் மூத்த கலைஞர் அம்மெட்டினை முன்னரே பதிவு செய்திருந்தார். எனினும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது மார்வினும் அவர்தம் 'ஷாடோஸ்' குழுவினரும் வாசித்ததே. பிரித்தானிய விற்பனை வரிசையிலே அது ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. பாட்டின்றிக் கித்தாரே பாடகனாயிற்று. அரங்குகளிலோ இரசிகைகளின் கூச்சல் இசையை விழுங்கியது. 15 வாட்டுப் பெட்டி போதாமையால், 12 அங்குல ஒலிபெருக்கி இரண்டுடன் 30 வாட்டு வொக்ஸ் அவர்கள் கைக்கு வந்தது. பின்னர் பீட்டில்ஸ் குழுவினரும் அதனையே கையாண்டனர்.

செந்நிறக் கித்தாரின் சுருதி நிலைகொள்ளாது தொல்லை தந்தமையால், 1964 இல் மார்வின், ஜிம் பேர்ண்ஸ் அவருக்கெனச் செய்த ஆங்கிலக் கித்தாருக்கு மாறினார். அதற்குள்ளே அச்சிவப்பு நிறம் இளைஞர் பலர் நெஞ்சிலே பதிந்துவிட்டது. நியூகாசிலிலே வளர்ந்த மார்க் நொப்ளர் என்னும் சிறுவன் அதுபோன்றதொரு கித்தாருக்கு ஏங்கினான். ஃபெண்டர் வாங்கத் தந்தைக்கு வசதியில்லை. ஹொஃப்னர் என்னும் மலிவான கித்தாரை வாங்கிக் கொடுத்தார். அதன் நிறம் சிவப்பு.