மூளைச் சிரை உறைகட்டியும் இரத்த ஓட்ட ஒழுங்கும்

மூளையிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டு செல்லும் சிரைகளிலோ, அச்சிரைகள் சென்று கலக்கும் சிரைப்புழைகளிலோ இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும் நோய் மூளைச் சிரை உறைகட்டி எனப்படும். பக்கவாத வகைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைக்கூட எட்டாத அபூர்வ நோயே இது. எனினும், முதுமையில் வரும் தமனி அடைப்பைப் போலன்றி, இளவயதினரையும், விசேஷமாகப் பிரசவித்த தாய்மாரையும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களையும் பற்றுவதால் வைத்தியர்களின் கவனத்தை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்தும் மூளையின் சிரை அல்லது தமனி அடைபட்ட 135 பெண்களைப் பற்றி மதுரையிலிருந்து கே. சீனிவாசன் 1983 இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் எடுத்துக் காட்டப்படுவதாகும்.

இந்நோயில் மூளையின் இரத்த ஓட்டம் என்ன ஆகிறது என்பதை அறிய, ஆரோக்கியமான மூளை அதனை எவ்வாறு ஒழுங்கு செய்துகொள்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சரீர எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள இவ்வவயவம், இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கையும் தனக்கென எடுத்துக்கொள்கிறது. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிஷத்திற்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் என்ற இந்த வரத்து, மனிதன் படுத்தாலும் எழுந்தாலும், கோபித்தாலும் உறங்கினாலும், பெரிதும் மாறாமல் காக்கப்படுகிறது. திசுவின் தேவைக்கேற்ப நுண்தமனிகள் விரிகின்றன என்று ராய், ஷெரிங்டன் இருவரும் 1890 இல் எடுத்துரைத்தனர். உள்ளழுத்தம் கூடினால் தமனிச் சுவரின் தசை தானே சுருங்கும் என்பதை 1902 இல் பெய்லிஸ் காட்டினார். இரத்த அழுத்தத்தின் சராசரி 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை மாறினாலும் மூளையின் ஓட்டம் நிலையாக நிற்கிறது என்ற பிரசித்தமான வரைகோட்டை 1959 இல் டென்மார்க்கின் லாசன் வகுத்தார். அக்கோடு பாடநூல்களில் வரையப்படும் அளவுக்குச் சமதளமானதன்று என்பதும், அதன் எல்லைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவன என்பதும் பிற்கால ஆய்வாளர்களின் கருத்து.

இவ்வாராய்ச்சிகள் யாவும் இரத்தம் உள்ளே வரும் வாயிலையே நோக்கியவை என்பது கவனிக்கத்தக்கது. வெளியேறும் வழியாகிய சிரைகள் வெறும் குழாய்களாகவே நெடுநாள் கருதப்பட்டன, அது நியாயமன்று. ஏனெனில், மூளையில் எந்த நேரத்திலும் தங்கியிருக்கும் இரத்தத்தின் பெரும்பகுதி சிரைப் பக்கத்திலேயே இருக்கிறது; அதனைச் சூழ்ந்த கபாலமோ விரிந்து கொடுக்காத எலும்புப் பேழை. மூளை, இரத்தம், தண்டுவட நீர் ஆகிய மூன்றில் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும், இல்லையேல் உள்ளழுத்தம் ஏறும் என்ற நியதி, 1783 இல் எடின்பரோவின் மன்றோவாலும் 1824 இல் கெல்லியாலும் உருவானது. அன்றியும், தண்டுவட நீரில் ஒரு பகுதி உறிஞ்சப்படுவதும் உச்சந்தலையின் உட்புறம் நீளவாட்டில் ஓடும் பெரிய சிரைப்புழையினுள்ளேயே; ஆகவே அப்புழை அடைபட்டால் இரத்தம் வடிவதோடு நீர் வடிவதும் தடைப்பட்டு, தலைவலியும் கண் நரம்பு வீக்கமும் பார்வை மங்கலும் தோன்றுகின்றன.

குழாயில் ஓட்டத்தை நடத்துவது இரு முனைகளின் அழுத்த வித்தியாசமே. சிரை அடைபட்டுப் பின்னழுத்தம் ஏறும்போது அவ்வித்தியாசம் குறைகிறது. இருதயமும் தமனிகளும் குற்றமற்று இருந்தும் மூளை தாகத்துக்கு உள்ளாகிறது. அப்போது நுண்தமனி இரண்டு ஆணைகளுக்கிடையே அகப்படுகிறது: தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் அதன் சுவரை நீட்டுவதால் சுருங்க வேண்டும், பிராணவாயு குறைவதால் விரிய வேண்டும். எது வெல்லும் என்ற கேள்விக்கு, பூனைகளின் மூளையை நேரே நோக்கி, வெய், காண்டோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1984 இல் அழகான விடை கண்டனர். சிரையழுத்தத்தை உயர்த்தியபோது சாதாரண நிலையில் நுண்தமனிகள் விரிந்தன; அவ்விடத்திற்கு மட்டும் பிராணவாயுவை மிகுதியாக ஊட்டி, திசுவின் குறையைத் தீர்த்தபோதோ அவையே சுருங்கின. சுருங்கும் சுபாவம் மறையவில்லை. திசுவின் பசி அதனை அடக்கி நின்றது.

இந்த விரிவே நோயாளியை முதலில் காப்பது. சங்கடமும் இதிலேயே பிறக்கிறது. வடிகால் அடைபட்ட வயலுக்கு மடையை மேலும் அகலத் திறந்துவிடுவது போல, விரிந்த நுண்தமனிகள் தந்துகிகளுக்குள் உயரழுத்தத்தைச் செலுத்துகின்றன. மூளையின் இரத்தக் கொள்ளளவு கூடுகிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பு தளர்ந்து நீர் கசிந்து திசு வீங்குகிறது. கபாலத்தின் உள்ளழுத்தம் ஏறி, அழுத்த வித்தியாசம் இன்னும் சுருங்குகிறது. விரிவதற்கு இனி இடமில்லை என்ற எல்லையை நுண்தமனிகள் எட்டியபின், ஓட்டம் உண்மையிலேயே வீழ்ந்து, உயிரணுக்களே நீர் கோத்து மடிகின்றன. தந்துகிகளும் சிறு சிரைகளும் வெடித்து இரத்தம் கசிகிறது. அடைப்பும் இரத்தக்கசிவும் ஓரிடத்திலேயே காணப்படும் இந்த விசித்திரம், தமனி அடைப்பை மட்டும் கண்டு பழகியவரை எளிதில் திகைக்க வைக்கும்.

எனினும் புழை அடைபட்ட எல்லோருக்கும் இக்கதி நேர்வதில்லை. மூளைச் சிரைகளுக்கு வால்வுகள் இல்லை; ஆதலால் ஒரு திசை அடைபட்டால் இரத்தம் எதிர்த்திசையிலும் பாய்ந்து, பக்கவழிகளாகிய இணைப்புச் சிரைகள் மூலம் வெளியேற இயலும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் பன்றிகளில் நடத்தி 1992 இல் வெளியிட்ட சோதனையில், பெரும்புழையை மட்டும் அடைத்தபோது மூளை பெரும் சேதமின்றித் தப்பியது. புழையோடு அதில் வந்து சேரும் மேற்பரப்புச் சிரைகளும் அடைபட்டபோதே வீக்கமும் திசுச் சாவும் விளைந்தன. நோயாளியின் விதி தமனிகளின் சாமர்த்தியத்தைவிடப் பக்கவழிகளின் வளத்திலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

நோயாளிகளிடத்தில் இவற்றை அறியக் கருவிகள் உண்டு. 1982 இல் ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய கபாலம் ஊடுருவும் டாப்ளர் முறை, தமனியின் ஓட்ட வேகத்தைத் துடிப்புக்குத் துடிப்பு காட்டுவது. பின்னர் அதனைக் கொண்டே ஆழ்ந்த சிரைகளின் வேகமும் அளக்கப்பட்டது. ஸ்கேன் படங்களில், இரத்தம் திசுவைக் கடக்கும் நேரம் நீண்டும், கொள்ளளவு மிகுந்தும், ஓட்டமோ அதிகம் குறையாதும் காணப்படும் பகுதிகள் உண்டு; தமனி அடைப்பில் மடிந்தது என்று தள்ளத்தக்க தோற்றமுடைய திசுவும், சிரை திறந்தபின் இந்நோயில் சில வேளை முழுதும் மீள்கிறது.

சிகிச்சையும் ஆகவே வடிகாலைத் திறப்பதையே பிரதானமாகக் கொள்ளும். சுவாசத்தை வேகப்படுத்திக் கரியமில வாயுவைக் குறைத்தால் நுண்தமனிகள் சுருங்கி உள்ளழுத்தம் தணியும். ஆனால் பசித்த திசுவுக்கு வரத்தும் குறைவதால் அது ஆபத்துக் காலத்துத் தற்காலிக உபாயமே. இரத்தம் கசிந்த மூளைக்கு உறைவுத் தடை மருந்தா என்று அஞ்சியிருந்த வைத்திய உலகின் தயக்கத்தை 1991 இல் ஐன்ஹாய்ப்ல் குழுவினர் அசைத்தனர்: இருபது நோயாளிகளில், அத்தகைய மருந்தாகிய ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரும் பிழைத்தனர், பெறாத பத்துப் பேரில் மூவர் மாண்டனர். சிறிய ஆய்வுதான், எனினும் கசிவின் மூலம் அடைப்பே என்ற தர்க்கத்துக்கு அது வலுவூட்டியது. குழாய் நுழைத்து உறைகட்டியை அகற்றும் முறை, 2020 இல் வெளிவந்த ஆய்வில், மருந்தைக் காட்டிலும் மேலான பலனைத் தரவில்லை. லிஸ்பனின் ஃபெரோவும் கூட்டாளிகளும் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004 இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்தில் நால்வர் அளவினர் நன்கு குணமடைந்தனர்.

தமனி அடைப்பு நிமிஷங்களில் திசுவைக் கொல்வது. சிரை அடைப்போ பெரும்பாலும் பல நாட்களில் மெல்ல முற்றுவது. அந்த இடைவெளியில் தலைவலி ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், பிரசவத்தை அடுத்த வாரங்களில் புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் வளரும் தலைவலியை, அதிலும் வலிப்போ பார்வை மங்கலோ சேர்ந்ததை, களைப்பென்று தள்ளாமல் உடனே வைத்தியரிடம் காட்டிச் சிரைகளையும் படம் எடுக்கச் செய்தல் வேண்டும்.