யாளி இருந்ததா? சிவிங்கி எங்கே போச்சு?

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எங்கே பேசினாலும் ராஜா தேசிங்கு பற்றி ஒரு கேள்வி வரும். அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "சார், யாளி நிஜமாவே வாழ்ந்த மிருகமா?" வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது அந்தச் செய்தி சுற்றி வருது. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, டைனோசரை விடப் பழசு, குமரிக்கண்டத்தோடு அழிஞ்சு போச்சு, வெள்ளைக்காரன் மறைச்சுட்டான் என்று ஒரு பெரிய பட்டியல்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. கல்லில் இவ்வளவு உயிரோடு செதுக்கியிருக்கிற ஒன்று எப்படிப் பொய்யாகும் என்பது நியாயமான சந்தேகம்தான். அதனால் செஞ்சியை மையமாக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே பார்க்கக் கிடைக்கிற சான்றுகளைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

யாளி கட்சியின் வாதங்களைச் சுருக்கினால் மூன்று தேறும். ஒன்று, பார்க்காத விலங்கைச் சிற்பி செதுக்க முடியாது. இரண்டு, எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரி இருக்கு. மூன்று, சங்கப் பாடல்களிலேயே வருது.

பார்க்காமல் செதுக்க முடியுமா?

முடியும். அதற்குச் சாட்சி சிங்கம். வரலாற்றுக் காலத்தில் இந்தியச் சிங்கத்தின் எல்லை வடக்கிலும் மேற்கிலும்தான். தெற்கே நர்மதையைத் தாண்டி அது வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாது. ஆனாலும் பல்லவர்கள் தூணுக்குத் தூண் சிங்கம் வைத்தார்கள். செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் பனமலைக்குப் போய்ப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சிற்பிகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு உயிருள்ள சிங்கத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வடக்கிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த சிற்ப மரபில் சிங்கம் இருந்தது, இவர்களும் செதுக்கினார்கள்.

இன்னும் பக்கத்தில், தளவானூர் குடைவரை. மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் முகப்பில் மகர தோரணம் இருக்கிறது. மகரம் என்றால் முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் உடம்பு. மகரம் ஏதோ ஒரு கடலில் நிஜமாக நீந்தியது என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. யாளிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

ஒரே மாதிரியா இருக்கு?

இங்கேதான் எனக்குப் பிடித்த சோதனை. சிற்பத்தில் யாளி பக்கத்தில் எப்போதும் நிற்கிற ஒரு விலங்கு உண்டு, யானை. அது நிச்சயமாக வாழ்ந்தது, சிற்பிகள் தினமும் பார்த்தது. இரண்டையும் ஆயிரம் வருஷத்துக்கு வரிசையாக வைத்துப் பாருங்கள்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் இருக்கிற யானை, ஏழாம் நூற்றாண்டு. வயிற்றுக்குக் கீழே குட்டிகள், கால் நகம், காது மடிப்பு எல்லாம் சரியாக இருக்கும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் யானை, பதினாறாம் நூற்றாண்டு. நடுவில் தொள்ளாயிரம் வருஷம். பாணி மாறியிருக்கிறது, அலங்காரம் கூடியிருக்கிறது, ஆனால் யானை யானைதான். கால் மடங்குகிற இடம்கூட மாறவில்லை, ஏன்னா சரிபார்க்க அசல் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

யாளியை இதே மாதிரி வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் தூணின் அடியில் உட்கார்ந்த சிங்கம். பிறகு எழுந்து நிற்கிற சிங்கம். அப்புறம் கொம்பு முளைக்கிறது. பிறகு துதிக்கை. விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் முதுகில் வீரன், காலடியில் யானை, ஆள் உயரத்துக்கு மேல் பாயும் உடம்பு. வேலூர் கல்யாண மண்டபத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். (செஞ்சியிலேயே பார்க்கலாமே என்றால், முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோயிலின் நல்ல தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியின் கற்கள்தான்.) உண்மையான விலங்கு சில நூற்றாண்டுகளில் இப்படி உறுப்பு மாறாது. மாறினது ஃபேஷன்.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. போஜ மன்னனின் பெயரில் வழங்கும் பதினோராம் நூற்றாண்டு நூலான சமராங்கண சூத்திரதாரம், வியாளம் என்ற பெயரில் இதைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. சிங்க முகம், யானை முகம், குதிரை முகம் மட்டும் இல்லை. கிளி, சேவல், ஆடு, நாய், குரங்கு, கழுதை வரைக்கும் போகிறது. மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இதைப் பார்த்ததும் புரிந்தது: இது விலங்குப் பட்டியல் இல்லை, ஒரு டெம்ப்ளேட். உடம்பு அப்படியே இருக்கும், தலை மட்டும் மாறும். யானைத்தலை யாளி வாழ்ந்தது என்றால் சேவல்தலை யாளியும் வாழ்ந்திருக்க வேண்டும்.

சங்கப் பாட்டில் வருதே?

வருகிறது. அகநானூற்றிலும் நற்றிணையிலும் ஆளி, யாளி என்ற பெயர்கள் உண்டு. யானையை அடித்து வீழ்த்தித் தந்தத்தைப் பிடுங்கும் அளவுக்கு வலிமையான மலை விலங்கு என்பதுதான் அங்கே கிடைக்கிற சித்திரம். கோயில் தூணில் இருக்கிற துதிக்கை யாளியின் வர்ணனை அங்கே இல்லை. நாம் பின்னாளில் வந்த சிலையைப் பார்த்துவிட்டு அதைப் பழைய பாட்டுக்குள் கொண்டு போய் வைக்கிறோம்.

அதோடு, பாட்டில் வந்தாலே உண்மை என்றால் அசுணமாவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாழிசையில் மயங்கி வரும், பறை முழங்கினால் உயிரை விடும் என்று அதே சங்கப் புலவர்கள் சொன்ன உயிர் அது. அசுணமா மியூசியம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

எலும்பு எங்கே?

கடைசியாக உடல் சான்று. "எல்லாம் மக்கிப் போச்சு" என்பது வழக்கமான பதில். செஞ்சி வட்டாரத்துக்காரர்கள் இந்தப் பதிலைச் சொல்லவே கூடாது. நம்ம விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷம் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல் அவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா. கர்னூல் குகைகளில் 1880களில் ராபர்ட் புரூஸ் ஃபுட் குழுவினர் தோண்டியபோது, இன்று தென்னிந்தியாவில் இல்லாத காண்டாமிருகத்தின் எலும்புகள்கூடக் கிடைத்தன. இங்கிருந்து காணாமல் போன விலங்குகள் தடயம் விட்டுப் போயிருக்கின்றன. ஆயிரக்கணக்கான தூண்களில் நிற்கிற யாளி ஒரு பல்லைக்கூட விட்டுப் போகவில்லை.

திருவக்கரையில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. அந்தக் கல்மரங்கள் வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை. அதாவது, நிஜமான ஒரு பொருளைப் பார்த்து, அதற்கு விளக்கமாக ஒரு உயிர் பிறக்கிறது. கிரேக்கர்களின் கிரிஃபின் என்ற கழுகுத்தலைச் சிங்கம்கூட கோபி பாலைவன டைனோசர் எலும்பைப் பார்த்துப் பிறந்ததாக இருக்கலாம் என்று ஏட்ரியன் மேயர் 2000இல் ஒரு புத்தகம் எழுதினார். கிரிஃபின் உருவம் அண்மைக் கிழக்கில் அதற்கு வெகு முன்பே இருந்தது என்று அதற்கு மறுப்பும் உண்டு. அழகான விளக்கமாக இருந்தாலும் காலவரிசை ஒத்துவர வேண்டும்.

அப்போ ஊர்க்காரர் சொல்றது எல்லாம் பொய்யா?

இல்லை. இந்த இடத்தில்தான் யாளியை மறுப்பவர்கள் பலரும் அவசரப்படுகிறார்கள். ஜெர்டன் என்பவர் 1848 வாக்கில் ஆந்திரப் பகுதியில் கண்டுபிடித்த ஒரு பறவை, 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1980களில் கடப்பைப் பக்கம் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். அங்கே ஜனங்களிடம் அதற்கு ஒரு பெயரே இருந்தது: கலிவி கோடி. கலிவிப் புதரில் இருக்கும், ராத்திரியில்தான் வெளியே வரும் என்ற விவரமும் இருந்தது. 1986 ஜனவரியில் உள்ளூர்க்காரர் ஒருவர் அதைப் பிடித்தே காட்டிவிட்டார்.

யாளிக்கும் கலிவி கோடிக்கும் என்ன வித்தியாசம்? கலிவி கோடியைப் பற்றிச் சொன்னவர்கள் அது எங்கே மேயும், எப்போது வரும் என்று சொன்னார்கள். அதெல்லாம் போய்ச் சரிபார்க்கக்கூடிய தகவல். யாளி என்ன வேளையில் தண்ணீர் குடிக்க வரும், குட்டி எங்கே போடும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

பெயர் மட்டும் மிஞ்சிய விலங்கு

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்தப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு விசித்திர விலங்கு இருந்தது. சிறுத்தை மாதிரி இருக்கும், ஆனால் சிறுத்தை இல்லை. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு. நாய் மாதிரி ஒல்லி இடுப்பு. பழக்கினால் மனிதனோடு வேட்டைக்கு வரும். அதன் பெயர் சிவிங்கி. ஆங்கிலத்தில் சீட்டா.

தென்னிந்தியாவின் வறண்ட புல்வெளிகளில், வெளிமான் கூட்டங்களின் பின்னால் திரிந்த விலங்கு அது. 1755 முதல் 1763 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், ஊர் திரும்பியபோது ஒரு சிவிங்கியைக் கொண்டுபோய் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கொடுத்தார். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அதையும் கூடப் போன இரண்டு இந்தியப் பராமரிப்பாளர்களையும் வரைந்தார். அந்த ஓவியம் இன்று மான்செஸ்டரில் இருக்கிறது. பிகட் கவர்னராக இருந்த அதே காலத்தில்தான், 1761இல், செஞ்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

சிவிங்கி ஏன் போச்சு? அடைத்து வைத்தால் அது குட்டி போடுவது மிக அபூர்வம். முகலாயர் காலத்தில் அப்படி நடந்ததாக ஒரே ஒரு முறைதான், ஜஹாங்கீர் காலத்தில், பதிவு இருக்கிறது. ஆகவே அரண்மனைகளில் வளர்ந்த ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்து பிடித்தது. பிறகு ஆங்கிலேயர் காலத்தில் தலைக்கு விலை வைத்துக் கொன்றார்கள். புல்வெளி நிலம் உழவுக்குப் போனது, வெளிமானும் குறைந்தது. 1947இல் கொரியா சமஸ்தானத்து ராஜா மூன்றைச் சுட்டார். இந்தியாவில் சுடப்பட்ட கடைசிச் சிவிங்கிகளாக அவற்றைச் சொல்வது வழக்கம். 1952இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அதே 1952இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. மதராஸ் ராஜ்யம், சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கியைப் பார்த்ததாக கிர்க்பாட்ரிக் என்பவர் எழுதியது. செஞ்சியிலிருந்து வடக்கே வேலூரைத் தாண்டினால் சித்தூர். தென்னிந்தியாவில் சிவிங்கியைப் பார்த்ததாகச் சொல்லும் கடைசிக் குறிப்புகளில் அது ஒன்று. "மர்ம விலங்கைப் பார்த்தேன்" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. அதை எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

நம் நினைவில் அது எங்கே இருக்கிறது? நாம் எல்லாரும் தினமும் சொல்கிற ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது: ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகம் மாதிரி உயரம், சிவிங்கி மாதிரி புள்ளி. ஆப்பிரிக்க விலங்குக்குப் பெயர் வைக்க நம்ம ஊர் விலங்கைக் கடன் வாங்கினோம், பிறகு கடன் கொடுத்தவனை மறந்துவிட்டோம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள் குனோவுக்கு வந்தபோது, "சிவிங்கிப்புலி" என்று செய்தியில் படித்த பல பேர் ஒட்டகச்சிவிங்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டார்கள்.

வாழாத யாளியை எல்லாருக்கும் தெரியும். வாழ்ந்த சிவிங்கியை யாருக்கும் தெரியாது. யாளிக்காகச் சண்டை போடுகிற உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இருக்கிற விலங்குகள் பக்கம் திருப்பினால் போதும் என்பதுதான் என் ஆசை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இனி கூட்டம் கூடும், மலையடிவாரத்தில் கட்டடங்களும் கூடும். இந்த மலைகளில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்று எழுதி வைக்க இதுவே நேரம்.

செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி இல்லை. உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால், ஓநாய், கழுதைப்புலி, வெளிமான், கானமயில் இதையெல்லாம் எந்தக் காட்டில், எந்த வருஷம் வரை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வருஷம் தெரியவில்லை என்றால், "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்" என்று சொன்னாலும் போதும், நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காட்டுப் பக்கம் தெரியாத விலங்கைப் பார்த்தால் தேதி, நேரம், இடம் குறித்துக்கொள்ளுங்கள். கால்தடம் கிடைத்தால் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வனத்துறைக்கும் அனுப்புங்கள். சித்தூர்க்காரக் குறிப்பும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.